கணினிப் படிப்பில் யார் தங்குகிறார்கள்? நம் கணக்கில் விழாத இடைநிற்றல்

அமெரிக்கக் கல்லூரியில் கணினி அறிவியல் எடுத்த ஒரு மாணவிக்கு முதல் நிரலாக்கப் பாடம் ஒத்துவரவில்லை என்றால், அடுத்த செமஸ்டரே உளவியலுக்கோ பொருளியலுக்கோ மாறிவிடுவார். துறையில் ஒரு தலை குறையும். அந்த இழப்பு ஆண்டறிக்கையில் தெரியும், துறைத் தலைவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரியில் அப்படி மாறுவதற்கு வழி அநேகமாக இல்லை. கவுன்சலிங்கில் எடுத்த பிரிவுதான் நான்கு வருடமும். அதனால் நம் மாணவி எங்கும் போவதில்லை. வருகைப்பதிவு 75 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், இரண்டு மூன்று அரியர் இருக்கும், ரெக்கார்டு நோட்டின் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கும். கல்லூரிக் கணக்கில் அவர் தக்கவைக்கப்பட்டவர். படிப்பைப் பொறுத்தவரை முதல் செமஸ்டரிலேயே விலகிப் போனவர்.

கணினிப் பட்டப்படிப்பில் மாணவர்களின் ஈடுபாட்டை வளர்ப்பது, அவர்களைத் தக்கவைப்பது, இரண்டையும் அளப்பது குறித்து முப்பது ஆண்டுகளாக உருப்படியான வேலை நடந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி, மாணவர் வெளியேறினால் கண்ணுக்குத் தெரியும் நாடுகளில் நடந்தது. இங்கே அதை வாசிக்கும்போது, நம்முடைய இழப்பு வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

முதலில் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்ப்போம். நிரலாக்கம் என்றாலே பாதிப் பேர் தேற மாட்டார்கள் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. டென்மார்க்கின் பென்னெட்சனும் காஸ்பெர்சனும் பல நாட்டுக் கல்லூரிகளிடம் கேட்டுத் தொகுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் நிரலாக்கப் பாடத்தின் சராசரித் தோல்வி 33 சதவீதம். வாட்சனும் லியும் 15 நாடுகளில் நடந்த 161 பாடங்களின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டி 2014-ல் பார்த்தபோது தேர்ச்சி 67.7 சதவீதம், ஏறக்குறைய அதே எண். டென்மார்க் ஆசிரியர்கள் 2019-ல் மறுபடி வெளியிட்ட கணக்கில் தோல்வி 28-க்கு இறங்கியிருந்தது. மூன்றில் ஒருவர் என்பது சின்ன எண் இல்லை. ஆனால் ஊர்ப்பேச்சில் உள்ள பேரழிவும் இல்லை. பிரிட்டனில் மட்டும் ஒரு விஷயம் விடாமல் தொடர்கிறது: முதலாண்டு முடிவதற்குள் அதிகம் பேரை இழக்கும் துறைகளின் பட்டியலில் கணினி அறிவியல் பல ஆண்டுகளாக உச்சியில் இருக்கிறது.

இந்த எண்களைவிடக் கெடுதலானது அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம். 'கோடிங் சிலருக்கு வரும், சிலருக்கு வராது.' ஸ்டாஃப் ரூமில் காபி ஆறுவதற்குள் ஒருமுறையாவது காதில் விழும் வாக்கியம் இது. இதற்கு ஆய்வு முலாம் பூசியவர்களும் உண்டு. பிரிட்டனின் தெஹ்னாதி, போர்னாட் இருவரும், பாடம் தொடங்கும் முன்பே ஒரு சின்னத் தேர்வு வைத்து யார் தேறுவார், யார் தேற மாட்டார் என்று பிரித்துவிடலாம் என 2006-ல் ஒரு வரைவை இணையத்தில் விட்டார்கள். முறையான ஆய்விதழில் வராத அந்த வரைவு உலகம் முழுக்கச் சுற்றியது. 2014-ல் போர்னாட்டே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் செய்தி வரைவு போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை.

மதிப்பெண் பட்டியலில் எப்போதும் இரண்டு திமில்கள் தெரிகின்றன, ஒருபக்கம் வல்லவர்கள், மறுபக்கம் தோற்பவர்கள் என்பதுதான் இந்த நம்பிக்கையின் அடுத்த ஆதாரம். எலிசபெத் பட்சிட்சாஸும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் கணினிப் பாடங்களின் 778 மதிப்பெண் பரவல்களை எடுத்துச் சோதித்து 2016-ல் முடிவு சொன்னார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட உச்சி இருப்பதாகச் சொல்லத்தக்கவை 5.8 சதவீதம் மட்டுமே. மீதியில் பெரும்பாலானவை எந்தப் பாடத்திலும் பார்க்கும் சாதாரணப் பரவல். இன்னொன்றையும் கண்டார்கள்: பிறவித் திறமையை நம்பும் ஆசிரியர்கள், இரட்டைத் திமில் இல்லாத வரைபடத்திலும் அதைப் பார்த்தார்கள்.

அப்படியானால் சிலர் ஏன் அவ்வளவு வேகமாக விழுகிறார்கள்? எனக்கு இதுவரை கிடைத்தவற்றில் திருப்தியான விளக்கம் நியூசிலாந்தின் ஆண்டனி ராபின்ஸ் 2010-ல் சொன்னது. நிரலாக்கத்தில் ஒவ்வொரு கருத்தும் முந்தையதன் மேல் நிற்கிறது. மாறி (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) புரியாதவருக்கு லூப் (ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) புரியாது. லூப் புரியாதவருக்கு அரே (மதிப்புகளின் வரிசை) புரியாது. பங்ஷன் என்றால் கதவே மூடிவிடும். முதல் இரண்டு வாரத்தில் பிடி கிடைத்தவருக்கு மூன்றாவது வாரம் சுலபமாகும், நழுவவிட்டவருக்கு அதே வாரம் இருமடங்கு கடினமாகும். தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருந்த இருவர் செமஸ்டர் முடிவில் இரு துருவத்தில் நிற்க, திறமையில் பெரிய வித்தியாசமே தேவையில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஒரு அலகை விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்க முடியும். இங்கே முடியாது. தக்கவைப்பு முயற்சிகளில் பலன் தந்தவை பெரும்பாலும் முதல் பாடத்தில் கைவைத்தவையாக இருப்பதற்கு இதுதான் காரணம். மூன்றாம் ஆண்டில் மோட்டிவேஷன் ஸ்பீக்கரை அழைப்பது ரொம்பத் தாமதம்.

ஹார்வி மட் செய்தது

கலிபோர்னியாவின் கிளேர்மாண்ட் ஊரில் ஹார்வி மட் என்று ஒரு சின்னக் கல்லூரி. அறிவியலும் பொறியியலும்தான் முக்கியம். 2006-ல் கணினி விஞ்ஞானி மரியா கிளாவே அதன் தலைவராக வந்த சமயத்தில் கணினி அறிவியல் பட்டம் பெறுவோரில் பெண்கள் சுமார் பத்தில் ஒருவர். ஐந்தாறு ஆண்டில் அது 40 சதவீதத்தைத் தொட்டது. 2016-ல் பாதியைத் தாண்டியது. பெண்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய மாற்றம் என்றாலும், அதன் இயக்கம் யாரெல்லாம் வகுப்பில் ஓரமாக ஒதுங்குகிறார்களோ அவர்கள் எல்லாருக்கும் பொருந்துகிறது.

அங்கே முதலாண்டு மாணவர் எல்லாரும் கட்டாயம் எடுக்க வேண்டிய நிரலாக்கப் பாடம் ஒன்று உண்டு. அதை ஜாவா என்ற நிரல்மொழியிலிருந்து பைத்தான் மொழிக்கு மாற்றினார்கள். அறிவியலிலும் பொறியியலிலும் வரும் சிக்கல்களைக் கணினி வைத்துத் தீர்க்கும் பாடமாக உள்ளடக்கத்தைத் திருத்தினார்கள். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியவர்களுக்குக் 'கறுப்பு', எழுதியே பார்க்காதவர்களுக்குத் 'தங்கம்'. இரண்டும் கல்லூரியின் வண்ணங்கள், ஒன்று உயர்ந்தது ஒன்று தாழ்ந்தது என்ற வாடை பெயரில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கறுப்புப் பிரிவு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடாது. அதே பாடத்தோடு பக்கவாட்டில் சில சுவாரசியமான விஷயங்களைச் சேர்த்துப் படிக்கும். செமஸ்டர் முடிவில் இரு பிரிவும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்து, ஒரே இரண்டாம் பாடத்துக்குப் போகும்.

ஏன் இந்தப் பிரிப்பு? கலந்த வகுப்பில் எல்லாம் தெரிந்த ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பார். அவர் கேட்கும் கேள்வி பாடத்தைத் தாண்டிப் போகும். அவர் ஏற்கெனவே மூன்று வருடம் எழுதியவர் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. 'இவனுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை' என்றுதான் படும். அனுபவத்தின் இடைவெளி திறமையின் இடைவெளியாகத் தோற்றம் கொள்ளும் இடம் இது. ஹார்வி மட் ஆசிரியர்கள் பிரிவு பிரித்ததோடு நிற்கவில்லை. அப்படி வகுப்பை ஆக்கிரமிக்கும் மாணவரைத் தனியே கூப்பிட்டு, உன் ஆர்வம் பிடித்திருக்கிறது, இந்த உரையாடலை நாம் இருவரும் என் அறையில் தொடர்வோம், வகுப்பில் மற்றவர்களுக்கும் இடம் கொடு என்று நயமாகச் சொன்னார்கள். இத்துடன் முதலாண்டு மாணவியரைக் கணினித் துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். முதலாண்டு முடிந்த கோடையிலேயே ஆய்வு வேலை கொடுத்தார்கள். எது எவ்வளவு பலன் தந்தது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்துதான் நடந்தது.

இதற்கு முன்னோடி பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன். அங்கே கணினி அறிவியலில் சேரும் பெண்கள் 1995-ல் 7 சதவீதம், 2000-ல் 42. ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் மாணவர்களை வருடக்கணக்கில் நேர்காணல் செய்து கண்ட முக்கிய விஷயம், முன் அனுபவம் இல்லாமல் வருவோர் முதலாண்டில் நம்பிக்கை இழக்கிறார்கள், ஆனால் தாக்குப்பிடித்தால் பிறகு சமமாக வந்துவிடுகிறார்கள் என்பது. சேர்க்கையில் முன் அனுபவத்துக்குத் தந்த முக்கியத்துவத்தைக் குறைத்தார்கள். அந்தக் காலத்தில் பெரும்பகுதி அங்கே கணினிப் பள்ளியின் டீனாக இருந்தவர் ராஜ் ரெட்டி, நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்துப் போனவர்.

நம் வகுப்பில் அனுபவ இடைவெளி இல்லையா? நன்றாகவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் குரூப் எடுத்தவர் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் படித்துவிட்டு வருகிறார். பயாலஜி குரூப்பிலிருந்து வருபவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் எல்லாப் பிரிவுக்கும் பைத்தானை வைத்தது. இரண்டு பேரும் ஒரே வகுப்பில், ஒரே வேகத்தில். இதோடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்திருக்கிறது. அதில் தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்குப் பாடம் புதிது, பாடமொழியும் புதிது. கட்டணத்தை அரசு ஏற்கிறது. முதல் ஆறு வாரத்தை யார் ஏற்பது?

நம் கல்லூரிகளும் மாணவரைப் பிரிக்கின்றனதான். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுப் படிவத்தில் வேகமாகக் கற்போர், மெதுவாகக் கற்போர் என்று இனம்பிரித்து என்ன செய்தீர்கள் என்றொரு கேள்வி இருந்தது. அதற்காக முதல் இன்டர்னல் மதிப்பெண்ணை வைத்து ஒரு 'ஸ்லோ லேர்னர்' பட்டியல் தயாராகும், மாலையில் ரெமிடியல் வகுப்பு நடக்கும், ஃபைலில் போட்டோ ஏறும். ஹார்வி மட் பிரித்தது அனுபவத்தை. நாம் பிரிப்பது ஆளை. முதலாவது தற்காலிகம், செமஸ்டரோடு தீர்ந்துவிடும். இரண்டாவது முத்திரை, எட்டு செமஸ்டரும் கூட வரும்.

இந்த இடத்தில் யூரி ட்ரைஸ்மனைச் சொல்லாமல் போக முடியாது. கணினி ஆள் அல்ல, கணித ஆசிரியர். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் தொடர்ந்து தோற்பதற்குக் காரணம் தேடினார். உழைப்புக் குறைவு, வீட்டுச் சூழல் என்றெல்லாம் சக ஆசிரியர்கள் சொன்னார்கள். அவர் மாணவர்களோடு போய் உட்கார்ந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன வம்சாவளி மாணவர்கள் இரவு உணவுக்குப் பின் கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்தார்கள், எங்கே தப்பு என்று சண்டை போட்டார்கள். ட்ரைஸ்மன் கூட்டாகப் படிக்கும் பட்டறை ஒன்றை உருவாக்கினார். அதில் துணைப்பாடம் நடத்தவில்லை. வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று அது பெயரெடுக்கவே இல்லை. தேர்ச்சி ஏறியது.

ஒரு கேள்வி, இரண்டு ஓட்டு

வகுப்பறைக்குள் செய்யக்கூடியவற்றில் ஆதாரம் நன்றாக உள்ள ஒன்று, ஹார்வர்டின் இயற்பியல் ஆசிரியர் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த முறை. ஆசிரியர் ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் யோசித்துத் தனியாக விடையைத் தெரிவிப்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதிப்பார்கள். மறுபடி ஓட்டு. கடைசியில்தான் ஆசிரியர் வாய் திறப்பார்.

பைத்தானில் ஒரு கேள்வி பார்ப்போம். '1, 2, 3 என்ற லிஸ்ட்டை அ என்ற மாறியில் வைக்கிறேன். ஆ என்ற மாறிக்கு அ-வைக் கொடுக்கிறேன். ஆ-வின் முதல் உறுப்பை 9 ஆக மாற்றுகிறேன். இப்போது அ-வை அச்சிட்டால் என்ன வரும்?' முதல் ஓட்டில் பலர் 1, 2, 3 என்பார்கள்; நான் ஆ-வைத்தானே மாற்றினேன், அ எப்படி மாறும் என்பது நியாயமான எண்ணம். விடை 9, 2, 3. அங்கே இருப்பது ஒரே லிஸ்ட், அதற்கு இரண்டு பெயர். இதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆய்வகத்தில் அதே தப்பைச் செய்வார்கள். தன் விடைக்காகப் பக்கத்து ஆளிடம் மூன்று நிமிடம் வாதாடித் தோற்றவர் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார். நேற்றுதான் புரிந்துகொண்ட ஒருவர், இன்னும் புரியாதவரிடம் சொல்லும் விளக்கம், இருபது வருடம் முன்பு புரிந்துகொண்டவர் சொல்வதைவிடக் காரியத்துக்கு உதவுகிறது.

சான் டியாகோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியோ போர்ட்டர், சிந்தியா பெய்லி லீ, பெத் சைமன் மூவரும் பத்தாண்டுப் பதிவுகளை எடுத்து, நான்கு கணினிப் பாடங்களில் இந்த முறையில் நடந்த 16 வகுப்புகளை வழக்கமான விரிவுரை வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். தோல்வி சராசரியாக 20 சதவீதத்திலிருந்து 7-க்கு இறங்கியிருந்தது. அதே ஆசிரியர் அதே பாடத்தை இரண்டு விதமாக நடத்திய வகுப்புகளை மட்டும் பார்த்தால் 23-லிருந்து 8. இது குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை அல்ல. மாணவர் கூட்டம், தேர்வுத்தாள் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம் என்பதை அவர்களே பேசியிருக்கிறார்கள். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தாலும் மிச்சம் இருப்பது பெரிய எண்தான். அதே பல்கலைக்கழகம் முதல் பாடத்தில் இதோடு இருவர் சேர்ந்து ஒரே கணினியில் நிரல் எழுதுவதையும், படம், ஒலி வைத்து நிரலாக்கம் கற்பிப்பதையும் சேர்த்தபோது, துறையிலேயே தங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடினார்கள்.

ஓட்டுப் போடும் கருவி வேண்டுமே என்று நம் ஊரில் உடனே கொட்டேஷன் கேட்பார்கள். நான்கு நிற அட்டை போதும்.

படம், ஒலி வைத்துக் கற்பிக்கும் பாடம் ஜார்ஜியா டெக்கில் மார்க் குஸ்டியல் 2003-ல் தொடங்கியது. அங்கே எல்லாத் துறை மாணவரும் கணினிப் பாடம் ஒன்று படித்தாக வேண்டும். கட்டடக்கலை, மேலாண்மை மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே முன்பு தேறினார்கள். தன் புகைப்படத்தில் சிவப்பைக் குறைப்பது, பாட்டைப் பின்னோக்கி ஓட்டுவது என்று பாடம் மாறியதும் தேர்ச்சி சராசரி 85 சதவீதம் ஆனது. குஸ்டியலை நான் மதிப்பதற்குக் காரணம் அந்த எண் இல்லை. பத்தாண்டு கழித்து அவர் தன் பாடத்தையே திரும்பிப் பார்த்து எழுதினார்: மாணவர்கள் தங்கியதற்குச் சான்று இருக்கிறது, முன்பைவிட அதிகம் கற்றார்கள் என்பதற்கு அப்படிச் சான்று இல்லை.

அளக்கும்போது வரும் கோளாறு

தங்குவதும் கற்பதும் வேறுவேறு என்றால், எதை அளப்பது? கல்வியாளர்கள் ஈடுபாட்டை மூன்றாகப் பிரிப்பார்கள். வருவது, செய்வது, சமர்ப்பிப்பது என்று கண்ணுக்குத் தெரிவது ஒன்று. இது என் இடம், இவர்கள் என் ஆட்கள் என்ற உணர்வு இரண்டாவது. மூளையைக் கசக்குவது மூன்றாவது. நம் கல்லூரிகள் அளப்பது முதலாவதில் பாதி. அமெரிக்காவில் 2000 முதல் நடக்கும் தேசிய மாணவர் ஈடுபாட்டுக் கணக்கெடுப்பு மூன்றையும் கேட்டுப்பார்க்க முயல்கிறது. மாணவர் தன்னைப் பற்றித் தானே சொல்வது, அதுவும் முதலாண்டிலும் கடைசியாண்டிலும் மட்டும் என்பது அதன் எல்லை. அந்தக் கணக்கெடுப்பிலும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கணக்கெடுப்புகளிலும் கணினி மாணவர்கள் பல அளவுகோல்களில் மற்றத் துறையினரைவிடத் தாழ்ந்தே நிற்கிறார்கள் என்பதை 2015-ல் ஓர் ஆய்வுக் குழு எடுத்துக்காட்டியது.

அளப்பது எப்படித் தடம் புரளும் என்பதற்கு பர்டியூ பல்கலைக்கழகத்தின் கதை. மாணவரின் மதிப்பெண், இணையப் பயன்பாடு போன்றவற்றை வைத்து அவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குக் காட்டும் எச்சரிக்கை மென்பொருளை 2007-ல் அங்கே தொடங்கினார்கள். அந்த மென்பொருள் உள்ள பாடங்களை இரண்டு அல்லது அதற்கு மேல் எடுத்த மாணவர்கள் மிக அதிகமாகத் தங்கினார்கள் என்று அறிக்கை வந்தது, உலகம் கைதட்டியது. 2013-ல் மைக் கால்ஃபீல்டு, ஆல்ஃபிரட் எஸ்ஸா போன்றவர்கள் ஒரு எளிய சந்தேகத்தை எழுப்பினார்கள். ஒரு செமஸ்டரோடு போய்விட்டவர் இரண்டு பாடம் எடுக்க வாய்ப்பே குறைவு. தங்கியதால்தான் அதிகப் பாடம் எடுத்தார்கள். அதிகப் பாடம் எடுத்ததால் தங்கியதாகத் திருப்பிப் படித்துவிட்டார்கள். எஸ்ஸா கணினியில் போலி மாணவர்களை உருவாக்கி, அவர்களுக்கு மென்பொருளுக்குப் பதில் சாக்லேட் கொடுத்ததாக வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். சாக்லேட் அதிகம் பெற்றவர்களும் அதிகம் தங்கினார்கள்.

நம்மிடம் இதைவிட எளிய சாக்லேட் கணக்குகள் இருக்கின்றன. ஒரு வகுப்பில் 60 பேர் சேர்கிறார்கள், ஆறு பேர் முதலாண்டோடு நின்றுவிடுகிறார்கள், இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ முடித்த ஆறு பேர் லேட்டரல் என்ட்ரியில் வருகிறார்கள் என்று வைப்போம். வருகைப் பட்டியலில் மறுபடி 60. முதல் செமஸ்டர் நிரலாக்கத்தைப் படிக்காமலே இரண்டாம் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சரில் உட்காரும் அந்த ஆறு பேருக்கும் தனிக் கவனிப்பு வேண்டும், தனிக் கணக்கும் வேண்டும். தேசிய அங்கீகார வாரியம், அரியர் இல்லாமல் தேறியவர்களையும் உரிய காலத்துக்குள் முடித்தவர்களையும் தனித்தனியாகக் கேட்டுவந்திருக்கிறது. நல்ல கேள்விகள். ஆனால் முதலாண்டில் சேர்ந்தவர்களும் லேட்டரலில் வந்தவர்களும் அங்கே ஒரே பகுதியெண்ணில் கூட்டப்படுகிறார்கள். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க விரும்பும் துறை, இரண்டையும் பிரித்துத் தனக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. பிளேஸ்மென்ட் சதவீதத்தைப் பற்றி ஒரு வரி போதும்: பேனரில் உள்ள எண்ணுக்குக் கீழே பல இடங்களில் 'தகுதியுள்ள மாணவர்களில்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். நிலுவை அரியர் உள்ளவர் தகுதியுள்ளவர் அல்ல. அவர் பகுதியிலும் இல்லை, தொகுதியிலும் இல்லை.

ஆய்வகத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அப்சர்வேஷன் நோட்டில் நிரலைக் கையால் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதையே ரெக்கார்டு நோட்டில் அழகாகத் திரும்ப எழுத வேண்டும், இடது பக்கம் அவுட்புட். செமஸ்டர் தேர்வில் சீட்டெடுத்தால் அந்தப் பத்துப் பன்னிரண்டு நிரல்களில் ஒன்று வரும். அத்தனையையும் மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் எடுக்க முடியும். ஒரு இடத்தில் கூட்டலைப் பெருக்கலாக மாற்றச் சொன்னால் விழிப்பார். இந்த ஏற்பாட்டில் கைவிட்ட மாணவரும் கற்கும் மாணவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். ரெக்கார்டு எழுத ஆகும் மணிநேரத்தைக் கூட்டினால் ஒரு முழுப் பாடமே நடத்திவிடலாம்.

எதைப் பார்த்தால் தெரியும் என்பதற்கு விடைகள் இருக்கின்றன. வெர்ஜீனியா டெக்கில் ஐந்தாண்டு நிரல் சமர்ப்பிப்புகளை ஆராய்ந்தபோது, ஒரே மாணவர் சீக்கிரம் தொடங்கிய அசைன்மென்ட்டில் நல்ல மதிப்பெண்ணும், கடைசி நாளில் தொடங்கியதில் மோசமான மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் இல்லை இது. ஒரே ஆளின் இரண்டு பழக்கங்கள். மேத்யூ ஜடுட் 2006-ல், மாணவர் ஒரே பிழையை எத்தனை முறை தொடர்ந்து திரும்பச் செய்கிறார் என்பதை எண்ணாக்கினார். பிழை வருவது கெட்டதல்ல, அதே பிழையில் முட்டிக்கொண்டே இருப்பதுதான் அபாயக் குறி. பின்லாந்தில் கின்னுனனும் மால்மியும் பாதியில் விட்ட மாணவர்களையே கேட்டபோது, நேரமில்லை, ஆர்வமில்லை என்ற இரண்டும்தான் முதலில் வந்தன. நேரமின்மைக்குப் பின்னால் பாடத்தின் கடினம் ஒளிந்திருந்தது: ஒரு மணிநேரத்தில் முடிய வேண்டியது ஐந்து மணிநேரம் இழுத்தால் யாருக்கும் நேரம் இருக்காது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த அளவீடுகளில் பாதி செல்லாக்காசாகிவிட்டது. முன்பெல்லாம் தடுமாறும் மாணவர் அசைன்மென்ட் தராமல் விடுவார். அது ஒரு தகவல். இப்போது எல்லாரும் தருகிறார்கள், பிழையே இல்லாமல், குறிப்புரைகளோடு. கணினியிலிருந்து திரட்டும் எந்தச் சுவடும் மாணவருடையதுதானா என்று தெரியாது. இதில் விசித்திரமாக நம்முடைய பழைய சாமான் ஒன்று கைகொடுக்கிறது. வைவா என்ற வாய்மொழித் தேர்வு நம் ஆய்வகங்களில் எப்போதும் உண்டு, கடைசி நாளில் சடங்காக. அதை வாரா வாரம் ஆக்கலாம். முப்பது பேர் பேட்சில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மணிநேரம். 'இந்த லூப்பை ஒரு சுற்று குறைத்து ஓட்டு, எந்த வரியை மாற்றுவாய்?' என்று கேட்டால் போதும். மதிப்பெண் வேண்டாம், பதில் வந்தது, திணறினார், வரவில்லை என்று மூன்றில் ஒரு குறி. ரெக்கார்டு எழுதும் நேரத்தை அதற்குக் கொடுத்தால் டைம்டேபிளில் புதிதாக ஒரு பீரியடுகூடத் தேட வேண்டாம். ராபின்ஸ் சொல்வது சரியென்றால், மூன்றாவது வாரக் குறிப்பேட்டில் தொடர்ந்து 'வரவில்லை' வாங்கும் ஏழெட்டுப் பேர்தான் நான்காம் ஆண்டில் அரியரோடு நிற்கப் போகும் பட்டியல். அவர்களை நவம்பரில் கண்டுபிடிப்பது ஒன்று, செப்டம்பரில் கண்டுபிடிப்பது வேறு.

அந்தக் குறிப்பேட்டை யார் வைத்திருப்பார் என்பதில்தான் காரியம் சிக்குகிறது. ஹார்வி மட்டில் முதலாண்டுப் பாடத்தை எடுத்தவர்களில் துறையின் மூத்த பேராசிரியர்களும் உண்டு. நம் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு நிரலாக்கம் துறையில் கடைசியாகச் சேர்ந்தவருக்குப் போகும். சீனியர்கள் இறுதியாண்டு எலெக்டிவை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் புதியவர் அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார், குறிப்பேடும் கூடவே போய்விடும். இதை மாற்றுவதற்கு நாக் படிவமோ, மென்பொருளோ, பல்கலைக்கழக அனுமதியோ தேவையில்லை. செமஸ்டர் தொடங்கும் முன் சப்ஜெக்ட் பிரிக்கும் கூட்டத்தில், துறையிலேயே நன்றாக நடத்துபவர் யாரோ அவர் பெயரை முதல் செமஸ்டர் நிரலாக்கப் பாடத்துக்கு நேரே துறைத் தலைவர் எழுத வேண்டும். அவர் முகம் சுளிப்பார். அவருக்கு அந்த செமஸ்டர் ஒரு லேப் குறைத்துக் கொடுக்கலாம்.